இடப்பக்கம், மூன்றாவது

சனிக்கிழமை இரவுப் பணி முடிந்து
ட்ராமில் வந்து, ஏழாம் மாடியேறி,
பூட்ஸைக் கழற்றுமுன்னே பார்த்துவிட்டேன்:
கண்ணாடிப் பெட்டியில் ஹெர்மீனா
மல்லாந்து கிடக்கிறாள்.

செத்த டாரன்டுலா
கால்களை உள்ளே மடக்கிக் குப்புறக் கிடக்கும்.
மல்லாந்தால் சட்டை உரிக்கிறாள் என்று பொருள்.
இது தெரியாத முதல் வருடம்
அழுதுகொண்டே பிஸ்கட் டப்பா தேடினேன், புதைக்க.

ஒஸ்ட்ராவாவில் ஜனவரி.
வெளியே மைனஸ் பதினொன்று. உள்ளே ரேடியேட்டர்
அறையின் கடைசி ஈரத்தையும் குடித்துவிட்டிருந்தது.
தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து இரண்டு நாளாவது இருக்கும்.
கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கியவள் நான்தான்.
ஓட்மாரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

எக்ஸ்ரே அறையில் நான் நாளெல்லாம் சொல்வது
இரண்டே வாக்கியம்:
மூச்சை அடக்குங்கள். அசையாதீர்கள்.
பனியில் வழுக்கிய மணிக்கட்டுகளுக்கு,
சுரங்கத்தின் கரி இன்னும் இறங்காத நுரையீரல்களுக்கு.
அன்று சமையலறைத் தரையில் முட்டிபோட்டு
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மதியத்துக்குள் ஏழு கால் வெளியே வந்துவிட்டன,
வெந்த சேமியாபோல வெளுத்து, ஈரமாய்.
எட்டாவது வரவில்லை.
இடப்பக்கம், மூன்றாவது.
கையுறை விரலில் மாட்டிக்கொண்ட மோதிர விரல்.

பூச்சிக்கடை ஓட்மாரை அழைத்தேன்.
"இழுக்காதே. கிளிசரின், வெதுவெதுப்பான தண்ணீர்,
இருப்பதிலேயே மெல்லிய தூரிகை."
அவன் பின்னால் கிளிகள் சண்டையிட்டன.
"கை நடுங்கினால் காபி குடிக்காதே."
அதற்குள் மூன்று கோப்பை ஆகியிருந்தது.

தூரிகை இருந்தது.
பொம்மை ரயில்களுக்கு வண்ணம் தீட்ட
லுபோர் வைத்திருந்தது; எடுத்துப்போக மறந்துவிட்டான்.
சிலந்தியா நானா என்று கேட்டவன்,
கேட்டு முடிக்குமுன்னே பதிலைப் பார்த்துவிட்டான் என் முகத்தில்.
நல்ல தூரிகை. ஐந்தாறு முடிதான்.

மூன்று மணி நேரம் தடவினேன்.
முழங்கால் மூட்டு வரைக்கும் தோல் இளகியது.
அப்புறம் அவளே முடிவெடுத்தாள்:
இடுப்போரம் ஒரு சொடுக்கு.
கால் பழைய சட்டையோடு போயிற்று.
மங்கிய நீலத்தில் ஒரே ஒரு சொட்டு.
புட்டிங்குக்கு வைத்திருந்த சோளமாவில் ஒரு சிட்டிகை வைத்தேன்.
நின்றது.

ஞாயிறு. பற்கள் உரித்த பூண்டின் நிறம்.
செவ்வாய். செம்பு.
வெள்ளியன்று கறுத்தும் அவள் மூலையைவிட்டு நகரவில்லை.
அலமாரியில் வேறு டப்பாவில் அவளுக்கான வெட்டுக்கிளிகள்
இரவெல்லாம் பாடின, பட்டியலில் தம் பெயர் இருப்பது தெரியாமல்.
நான் கிண்ணம் நிரப்பினேன். ஈரத்துணி தொங்கவிட்டேன்.
அவளுக்கு என்னைத் தெரியாது.
வெளிச்சத்தை மறைக்கும் ஏதோ ஒன்று,
தரையை அதிரவைக்கும் ஏதோ ஒன்று: அதுதான் நான்.
பதினான்கு வருடமாக.

இடையில் ஒரு நாள்
உரித்த சட்டையைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.
கடைசி நோயாளி போனபின் படத்தட்டின்மேல் விரித்தேன்.
இயந்திரம் பெயர் கேட்டது. அடித்தேன்.
வயது கேட்டது. அதையும்.
திரையில் ஏழு கால்கள் இருக்கிற மாதிரியே இல்லை,
மூச்சுபட்ட கண்ணாடி அளவுக்கு ஒரு கலங்கல்.
எட்டாவதில் மட்டும் சாம்பல் நிறமாய் ஒரு கோடு,
உள்ளே ஆள் இருந்த வீடுபோல.

"யார் இது, ஹெர்மீனா?" என்றாள் ப்ரிகிதா, வாசலில் நின்று.
"என் வீட்டில் இருப்பவள்."
"மூச்சை அடக்கினாளா?"
"இல்லை, நான்தான்."
அவள் சிரிக்கவில்லை. படத்தை அழித்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் இரவு
நசுக்கிய வெட்டுக்கிளி ஒன்றை இடுக்கியில் நீட்டினேன்.
திரும்பிக்கொண்டாள்.
விளக்கை அணைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன்.
வந்து பார்த்தால் இடுக்கி கிடந்த இடத்தில் இரை இல்லை.

அடுத்த சட்டையில் கால் திரும்ப முளைக்கும் என்கிறான் ஓட்மார்,
கொஞ்சம் குட்டையாக, இரண்டு வருடம் கழித்து.
அவள் இப்போது கண்ணாடியில் ஏறுகிறாள்.
நொண்டவில்லை.
நான்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.